மழை நாளில் கரையில் படம் கீறுவோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி காலத்துச் சனிக்கிழமைகளில் முல்லைத்தீவுக் கரையில் கூட்டமாக நடந்து, கரையேற்றி வைத்திருக்கும் வள்ளங்களையும் வாடிகளையும் (தொழிலாளர் கரையில் தங்கும் கொட்டில்கள்) வலைகளையும் கொப்பியில் கீறுகிறோம். வர விரும்புபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் கீழே.

யார் வரலாம்? கட்டணம் உண்டா?

யாரும் வரலாம். கட்டணம் இல்லை. பாடசாலைப் பிள்ளைகள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், கடற்றொழில் செய்பவர்கள் எல்லோரும் வருகிறார்கள். வருவதாக முதல்நாளே சொல்லிவிட்டால் தேநீருக்குக் கணக்குப் பார்க்க உதவியாக இருக்கும். சொல்லாமல் வந்தாலும் திருப்பி அனுப்பமாட்டோம்.

வெயில் நாளில் வைக்காமல் ஏன் மழை நாளில் வைக்கிறீர்கள்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நல்ல வெயில் நாளில் கரைக்குப் போனால் கீறுவதற்கு வள்ளம் இருக்காது, கடலில் நிற்கும். கரைக்கு வந்ததும் மீன் இறக்கவேண்டும், நிறுக்கவேண்டும், ஐஸ் போடவேண்டும், ஏலம் போகவேண்டும். அந்த நேரத்தில் கொப்பியோடு குறுக்கே நிற்பது மற்றவருடைய பிழைப்புக்கு இடைஞ்சல்.

வாடைக்காற்று தொடங்கி, கார்த்திகை மார்கழியில் கடல் கொந்தளிக்கும்போது நிலைமை மாறிவிடும். முல்லைத்தீவு கிழக்கே பார்த்த கரை. வடகீழ்ப் பருவக்காற்று நேராக முகத்தில் அடிக்கும். அலை பெரிதான நாட்களில் வள்ளங்களை மணல்மேட்டுக்கு இழுத்துவிடுவார்கள். இயந்திரம் கழன்று வீட்டுக்குப் போய்விடும். ஆட்கள் வாடிக்குள் இருந்து வலை பொத்துவார்கள். ஒரு வள்ளத்தைச் சுற்றி நடந்து, குனிந்து அடிப்பக்கம் பார்த்து, இது என்ன, ஏன் இப்படி வளைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், கேட்டதற்கு ஆறுதலாகப் பதில் கிடைக்கவும் இந்த நாட்கள்தான் வாய்ப்பு.

நடையின் நோக்கமும் அதுதான். கீறுவதற்காக ஒரு வள்ளத்தின் முன்னால் அரை மணி நேரம் இருந்தால், அதன் சொந்தக்காரர் கட்டாயம் பக்கத்தில் வருவார். வந்தால் கதைப்பார். தொழில் தெரிந்தவருடைய வாயிலிருந்து வரும் பெயர்களையும் விளக்கங்களையும் படத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்கிறோம். படம் எவ்வளவு கோணலாக வந்தாலும் அந்தப் பக்கம் பெறுமதியானது.

அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போய்க் கீறலாமே?

போகலாம், போகவும் ஆசை. திருகோணமலையில் கடற்படை நடத்தும் கடல்சார் வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. காலிக் கோட்டையில், ஒல்லாந்தர் காலத்துப் பண்டகசாலைக்குள் ஒரு கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. 2004 சுனாமியில் அதுவும் அடிபட்டு, பிறகு திருத்தித் திறக்கப்பட்டது. வவுனியாவில் இருப்பது தொல்பொருள் அருங்காட்சியகம். வள்ளமும் வலையும் பார்க்க அங்கே போகமுடியாது.

வன்னியில் கடற்றொழிலுக்கென்று அப்படி ஓர் இடம் இல்லை. இருந்த பழைய மரவள்ளங்களும் கட்டுமரங்களும் வீட்டுச் சாமான்களும் சுனாமியிலும் யுத்தத்திலும் போய்விட்டன. இன்று கரையில் நிற்பவை பெரும்பாலும் 18 முதல் 23 அடி வரை நீளமான ஃபைபர் படகுகள். நாளைக்கு இவையும் மாறும். கண்ணாடிப் பெட்டிக்குள் போகுமுன்னரே, பாவனையில் இருக்கும்போதே ஒரு பொருளைக் கீறிவைக்கவேண்டும் என்பது எங்கள் எண்ணம். அதன் பாவனையைச் சொல்ல ஆள் பக்கத்தில் இருக்கும்போது செய்வது இன்னும் நல்லது.

எனக்குக் கீறவே வராது. வரலாமா?

வாருங்கள். கையெழுத்து எழுதத் தெரிந்தால் போதும்.

எங்கே கூடுவது? எப்படி வருவது?

காலை எட்டரை மணிக்கு முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் கூடி, அங்கிருந்து கரைக்கு நடக்கிறோம். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் ஊடாக ஏ34 வீதியாலும், பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு ஊடாக ஏ35 வீதியாலும் வரலாம். இரண்டும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். யாழ்ப்பாணம், கொழும்புப் பக்கத்திலிருந்து புகையிரதத்தில் வருபவர்கள் மாங்குளத்தில் இறங்கி பஸ் எடுக்கலாம். வவுனியாவிலிருந்து புளியங்குளம், நெடுங்கேணி வழியாகவும் பாதை உண்டு. கடும் மழைக்குப் பிறகு வெள்ளம் வீதியைக் குறுக்கறுத்து ஓடும் இடங்கள் இருக்கின்றன. புறப்படுமுன் ஒருதடவை விசாரித்துவிட்டு வாருங்கள்.

நடை நீண்டதல்ல. கரையோரம், வாடிகள், ஏலம் போடும் கூடம், திரும்பி வரும் வழி. ஒரு கிலோமீற்றர்கூட வராது. நடப்பதைவிட இருப்பதுதான் அதிகம். கூரை உள்ள இடங்களை முன்கூட்டியே கேட்டுவைத்திருக்கிறோம். மழை கொட்டும்போது அங்கேயிருந்து கீறுவோம், விட்டால் வெளியே வருவோம்.

என்னென்ன கொண்டுவரவேண்டும்?

விலைகூடிய சாமான் ஒன்றும் தேவையில்லை. ஆனால் ஈரக்காற்றில் எது வேலை செய்யும், எது செய்யாது என்று தெரிந்திருக்கவேண்டும்.

பென்சில்தான் மழைக்கு உற்ற துணை. 2பி, 4பி இரண்டு போதும். காரீயம் தண்ணீரில் கரையாது. சற்று ஈரமான தாளிலும் பிடிக்கும், இன்னும் கறுப்பாகவே விழும். குமிழ்முனைப் பேனையின் மை எண்ணெய்த் தன்மையானது. கீறியபின் துளி பட்டால் பெரிதாகக் கலங்காது, ஆனால் நனைந்த தாளில் எழுத மறுக்கும். ஜெல் பேனையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு தூவானம் பட்டால் பக்கம் முழுவதும் நீலமாக ஓடிவிடும்.

அழிறப்பரையும் கொண்டுவராமல் விட்டால் நல்லது. ஈரக்காற்றில் தாள் ஊறி மெதுமையாகியிருக்கும். தேய்த்தால் மேற்பரப்பு உரிந்து பஞ்சாகக் கிளம்பும், அதன்மேல் இனி எந்தக் கோடும் சரியாக விழாது. பிழையான கோட்டை அப்படியே விட்டுவிட்டுச் சரியான கோட்டைப் பக்கத்தில் போடுங்கள். இரண்டு கோடும் சேர்ந்து இருப்பதில் ஓர் உயிர் உண்டு.

நீர்வர்ணம் விருப்பமானவர்கள் கொண்டுவரலாம், ஆனால் காயாது. மெழுகுப் பஸ்டல் அதைவிடக் கெட்டிக்காரச் சாமான். வெள்ளை அல்லது வெளிர்நிறப் பஸ்டலால் மழைத்தாரையைச் சரிவாகக் கீறிவிட்டு, அதன்மேல் மெல்லிய சாம்பல் நீர்வர்ணத்தைப் பூசிப் பாருங்கள். மெழுகு தண்ணீரைத் தள்ளும். நீங்கள் கீறிய மழை வெளியே தெரியும். சின்னப் பிள்ளைகள் இதை ஒருதடவை செய்துவிட்டால் பிறகு நிறுத்தமாட்டார்கள்.

வர்ணத்துக்குக் கடல்தண்ணீர் எடுக்கவேண்டாம். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போய் நாட்கணக்கானாலும் அந்தப் பக்கம் பிசுபிசுத்துக்கொண்டிருக்கும். ஒரு சின்னப் போத்தலில் கிணற்றுத் தண்ணீர் போதும்.

கொப்பியின் அட்டை தடிப்பாக இருக்கட்டும். ஒற்றைச் சித்திரத்தாள் என்றால் ஒரு பலகையும் இரண்டு கிளிப்பும். எல்லாவற்றையும் போட ஒரு பெரிய பொலித்தீன் பை, கை துடைக்க ஒரு பழைய துணி. குடை வாடிக்குள் இடைஞ்சல், காற்றிலும் நிற்காது. மழையங்கி நல்லது.

கொப்பி நனைந்துவிட்டால்?

வெயிலில் விரிக்காதீர்கள், தாள் சுருளும். பக்கங்களுக்கிடையில் பழைய பத்திரிகைத் தாள் வைத்து, மேலே பாரம் ஏற்றி, பத்திரிகைத் தாளை மட்டும் அடிக்கடி மாற்றுங்கள்.

வள்ளத்தைக் கீறினால் எனக்கு வாழைப்பழம்போல வருகிறது. எப்படித் தொடங்குவது?

வள்ளத்தில் நேர்கோடு கிடையாது, அதுதான் சிக்கல். இரண்டு பக்க விளிம்பும் நடுவில் தாழ்ந்து, அணியத்தில், அதாவது முன்முனையில், உயர்ந்து, பின்பக்கத்தில் அளவாக ஏறும். முன்னால் சற்றுச் சரிவாக நின்று பார்த்தால் இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று வெட்டுவதுபோலத் தோன்றும். ஆங்கில எட்டைப் படுக்கப்போட்டு, ஒரு பக்கத்தைச் சின்னதாகவும் மறுபக்கத்தைப் பெரிதாகவும் கீறுங்கள். அந்த எட்டுக்குள்ளேயே வள்ளத்தின் வாய் இருக்கிறது. சின்ன வளையத்தின் நுனியிலிருந்து அணியத்தைக் கீழே இறக்கி, பெரிய வளையத்தைப் பின்பக்கத்தில் வெட்டி நிறுத்தினால் உருவம் வந்துவிடும்.

அதற்குமுன் பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, உயரத்துக்கு நீளம் எத்தனை மடங்கு என்று அளந்து பாருங்கள். வள்ளம் நாங்கள் நினைப்பதைவிட நீளம், நினைப்பதைவிடத் தாழ்வு. அநேகமாக எல்லோரும் முதலில் கட்டையாகத்தான் கீறுவோம்.

உருவம் வந்தபிறகு நிதானமாகக் கிட்டப்போய்ப் பாருங்கள். ஃபைபர் படகின் அடிவயிற்றில், மணலில் இழுத்து இழுத்து நிறப்பூச்சுப் போய், கண்ணாடி நார் வெள்ளை மயிர்போலக் கிளம்பியிருக்கும். கல்லில் அடிபட்ட இடத்தில் போட்ட ஒட்டு வேறு நிறத்தில் தெரியும். உள்ளே மழைத்தண்ணீர் தேங்கி, அதில் ஒரு மிதவை தனியே சுற்றும். தண்ணீர் வெளியேற அடியில் விட்டிருக்கும் துவாரத்தில் அடைத்த துணியை இழுத்துவிட்டிருப்பார்கள், அதன்கீழ் மணலில் ஒரு சின்ன வாய்க்கால் ஓடும். படகின் பெயர், பதிவு இலக்கம், உருட்டி இறக்குவதற்காகப் பக்கத்தில் போட்டிருக்கும் மரக்குற்றி. ஒரு படகின் தொழில் வாழ்க்கை முழுவதும் இந்தச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது. முழுப்படகும் கீற நேரமில்லாவிட்டால் ஒட்டுப்போட்ட அந்த ஓர் இடத்தை மட்டும் பெரிதாகக் கீறுங்கள்.

மழையை எப்படிக் காட்டுவது?

கோடு கோடாக மழை கீறவேண்டியதில்லை. நனைந்த மணல் கறுக்கும், நனைந்த மரம் அதைவிடக் கறுக்கும், தூரத்துப் பொருள் வெளிறும். கிட்ட இருக்கும் வள்ளத்தை அழுத்திக் கீறி, அடுத்ததை மெதுவாக, அதற்கடுத்ததைத் தொட்டும் தொடாமலும் கீறினால் மழை தானாக வரும். கடலும் வானமும் ஒன்றாகிப்போகும் நேரத்தில் அடிவானக் கோடு போடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாததை ஏன் கீறவேண்டும்?

வலையை எப்படிக் கீறுவது? கண் கண்ணாகக் கீறினால் முடியவே முடியாதே!

கண் எண்ணவேண்டாம். குவியலின் வெளியுருவத்தைப் போட்டு, நிழலை இருட்டி, வெளிச்சம் விழும் ஓர் ஓரத்தில் மட்டும் நாலைந்து கண்களைத் தெளிவாகக் காட்டுங்கள். மிதவைகள் வரிசையாக வளைந்து போவதைக் கவனமாகக் கீறுங்கள், அதுதான் வலைக்கு முதுகெலும்பு. பக்கத்தில் பெயரை எழுத மறக்கவேண்டாம். திருக்கைவலை, நண்டுவலை, சூடைவலை, இறால்வலை என்று ஒவ்வொன்றுக்கும் கண்ணளவும் நூலும் வேறு. கரையில் நின்று ஆட்கள் சேர்ந்து இழுக்கும் கரைவலை என்றால் அது தனி உலகம். சம்மாட்டி (வலையின் சொந்தக்காரர்), தொழிலாளர், பங்கு, வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு என்று ஒரு மழை நாள் முழுக்கக் கேட்டாலும் முடியாது.

வலை பொத்துபவரைக் கீறலாமா?

கேட்டுவிட்டுக் கீறலாம். கேட்காமல் கூடாது. "அண்ணை, நீங்கள் வலை பொத்துறதைக் கீறட்டோ?" என்று கேட்டால் பெரும்பாலும் ஓம் என்பார்கள். மூத்தவர் என்றால் ஐயா, அம்மா. வேண்டாம் என்று சொன்னால், அல்லது ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பினால், அதுவே பதில். இன்னொருதரம் கேட்கவேண்டாம்.

கை நிற்காதே என்று கவலைப்படுவார்கள். வலை பொத்தும் கை திரும்பத் திரும்ப ஒரே வேலையைத்தான் செய்கிறது. ஊசி உள்ளே போகும், நூல் சுற்றும், முடிச்சு இறுகும், மறுபடி உள்ளே போகும். ஒரே பக்கத்தில் மூன்று நான்கு கைகளைத் தொடங்கிவிடுங்கள். கை எந்த நிலைக்குத் திரும்பி வருகிறதோ அந்தப் படத்தில் இரண்டு கோடு கூட்டுங்கள். கால்விரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருப்பதையும் பாருங்கள், அந்த விரல் இல்லாவிட்டால் படத்தில் வலை இறுகாது.

கீறி முடிந்ததும் அவரிடம் காட்டவேண்டும். இது கட்டாயம். ஊசியைப் பிழையாகப் பிடித்திருக்கிறாய் என்று திருத்துவார். திருத்தம்தான் அன்றைய பாடம்.

சுனாமி, யுத்தம் பற்றிக் கரையில் கேட்கலாமா?

நீங்களாகக் கேட்கவேண்டாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதியும் 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களும் இந்தக் கரையிலும் நந்திக்கடலிலும் முள்ளிவாய்க்காலிலும் கொண்டுபோனவை, இங்கே ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கின்றன. வள்ளத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பவர் தானாகவே அந்தப் பேச்சுக்கு வரலாம். வந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். அதைக் கொப்பியில் எழுதுவதாக இருந்தால் அவருடைய சம்மதத்தோடு மட்டும். நினைவிடங்களில் கூட்டமாக இருந்து கீறுவதில்லை என்று நாங்கள் முடிவெடுத்திருக்கிறோம். டிசம்பர் 26 அன்று நடை வைப்பதும் இல்லை.

போனில் படம் எடுத்து வீட்டில் கீறலாமா?

எடுக்கலாம், ஆனால் அன்றைய நேரத்தை அதற்குச் செலவழிக்கவேண்டாம். முகாம், காவலரண், அவற்றின் வேலி போன்றவற்றைப் படம் எடுக்கவும் கூடாது, கீறவும் கூடாது. வட்டுவாகல் பக்கம் போக வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். நந்திக்கடலின் வாய் மாரியில் வெட்டுப்பட்டு, மண்ணிறத் தண்ணீர் கடலுக்குள் பாய்வது கீறவேண்டிய காட்சிதான். ஆனால் அங்கே கடற்படை முகாம் இருக்கிறது, பாலமும் ஒடுக்கம். கூட்டமாக அங்கே நிற்பதில்லை.

மழை கடுமையானால் என்ன செய்வீர்கள்?

சாதாரண மழைக்கு நிறுத்துவதில்லை. இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போகிறோம், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வருவதில்லை. வெட்டவெளியான மணலும் தனித்து நிற்கும் பனையும் மின்னலுக்கு மோசமான இடங்கள்.

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகி, வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விட்டால் நடை இல்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையைக் கடந்தது. அது இங்கிருந்து தெற்கே, அதே கரையில். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அவசர அம்புலன்ஸ் 1990. போனில் போட்டுவைத்திருங்கள்.

வேறு என்ன கவனம் வேண்டும்?

மூடிய சப்பாத்து. வெள்ளத்தண்ணீரில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம், காலில் காயம் இருந்தால் இன்னும் ஆபத்து. நடைக்குப் பிறகு காய்ச்சலும் தசைநோவும் வந்தால், தண்ணீரில் நின்றதை வைத்தியரிடம் சொல்லுங்கள். நுளம்புக்கும் ஏதாவது பூசிக்கொண்டு வாருங்கள்.

ஆட்கள் நடந்து பழகிய பாதையை விட்டு விலகவேண்டாம். மழை மண்ணைக் கழுவும்போது பழைய வெடிபொருள் மேலே வரலாம். தெரியாத இரும்புப் பொருள் எதையும் தொடாதீர்கள், கிட்டப்போய்க் கீறவும் வேண்டாம். கண்ட இடத்தை எங்களிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிவரலாமா?

பத்து வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் ஒருவரோடு வரவேண்டும். அலை தொடும் இடத்துக்கு யாரும் போகக்கூடாது, நீந்தத் தெரிந்தவர்களும்கூட.

சாதாரண தரச் சித்திரப் பாடத்துக்கு உதவுமா?

கையும் கண்ணும் பழகும். பரீட்சை வகுப்பு இது அல்ல, புள்ளி போடுவதும் இல்லை.

சாப்பாடு?

பிளேன் ரீ, வடை. ஆட்கள் கூடின நாளில் ஒடியல் கூழ். நண்டும் இறாலும் கிடைத்ததைப் பொறுத்து. மச்சம் சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் மரக்கறியில் தனியாகக் காய்ச்சுவோம்.

இந்தக் கரையின் வரலாறும் சொல்வீர்களா?

கூரைக்குக் கீழே ஒதுங்கி நிற்கும் நேரத்தில் சொல்வோம். 1803இல் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியபோது, உள்ளே இருந்த ஆங்கிலேயப் படை வள்ளங்களில் ஏறித்தான் யாழ்ப்பாணத்துக்குத் தப்பியது. அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய வொன் டிறிபேர்க்கே பிறகு பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகச் சொல்லும் கல் கற்சிலைமடுவில் நாட்டப்பட்டது. ஏ34 வீதியால் வருபவர்கள் அந்த ஊரைக் கடந்துதான் வருவீர்கள். மேற்கே மன்னார்ப் பக்கம் போனால் மாதோட்டத் துறைமுகம், திருக்கேதீச்சரம், 1560இல் போர்த்துக்கேயர் கட்டிய மன்னார்க் கோட்டை, அரிப்பில் முத்துக்குளிப்போடு சேர்ந்த பழைய மாளிகையின் சுவர்கள். அங்கேயும் ஒரு நடை வைக்கவேண்டும்.

கிட்டிய கதை ஒன்றும் உண்டு. 2006 டிசம்பரில் 14,000 தொன் அரிசியோடு இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்குப் போன ஃபாரா 3 என்ற ஜோர்தான் கப்பல் இந்தக் கடலில் கோளாறாகிக் கரைதட்டியது. அதன் உடல் பல வருடம் கரையோரம் கிடந்தது, இப்போது இல்லை. பார்த்தவர்கள் சொல்லச் சொல்ல அதைக் கீற முயல்கிறோம். ஒருவர் சொன்ன கப்பலும் இன்னொருவர் சொன்ன கப்பலும் ஒன்றுபோல இருப்பதில்லை. இரண்டையும் வைத்திருக்கிறோம்.

கீறிய படங்களுக்கு என்ன நடக்கும்?

கொப்பி உங்களுடையது. அன்று மதியம் எல்லோருடைய பக்கங்களையும் ஏலக் கூடத்து மேசையில் பரப்பிப் பார்ப்போம், தொழில் செய்பவர்கள் வந்து பெயர்களைச் சரிபார்ப்பார்கள். சரிபார்த்த பக்கங்களை நீங்கள் விரும்பினால் போனில் பிரதி எடுத்து, திகதியும் இடமும் சொல்லித்தந்தவர் யார் என்பதும் எழுதிச் சேமிக்கிறோம். சொல்லித்தந்தவர் பெயர் வேண்டாம் என்றால் போடுவதில்லை. படகின் சொந்தக்காரர் ஒரு பிரதி கேட்டால் அடுத்த சனிக்கிழமைக்குள் அச்செடுத்துக் கொடுக்கவேண்டும், இதற்கு மட்டும் சாட்டுச் சொல்லக்கூடாது. அச்சுச் செலவு எங்களுடையது.